முகப்புப் பக்கம் வந்துவிட்டது, கடல் மட்டும் 85 டிகிரியில் கொதித்துக்கொண்டிருந்தது

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிரவுசரில் எர்டாப்பின் முகப்புப் பக்கம் முதல்முறையாகத் திறந்தது. உடனே எழுந்து போய் எங்கள் தலைவரிடம் "சார், சர்வர் ரெடி" என்று சொல்லிவிட்டு வந்தேன். அதைச் சொல்லியிருக்கவே கூடாது. அன்றிலிருந்து அது உண்மையிலேயே ரெடியாக இன்னும் மூன்று வாரம் ஆனது. இன்ஸ்டால் செய்வது எப்படி என்று எழுத நிறைய பேர் இருக்கிறார்கள், அதனால் இந்தப் பதிவு அந்த மூன்று வாரத்தைப் பற்றி மட்டும்.

முதலில் எர்டாப் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு. கடல், வானிலை போன்ற அறிவியல் தரவுகளை வலைவழியே கொடுக்கும் ஒரு சர்வர் மென்பொருள் இது. அமெரிக்காவின் கடல், வளிமண்டல அரசு அமைப்பான நோவாவின் மீன்வள ஆய்வுப் பிரிவில், கலிஃபோர்னியாவின் மான்டெரேயில், பாப் சைமன்ஸ் என்பவர் உருவாக்கியது. ஜாவாவில் எழுதப்பட்டது, டாம்கேட் என்ற ஜாவா வலை சர்வருக்குள் ஓடும். உங்களிடம் தரவு நெட்சிடிஎஃப் என்ற அறிவியல் தரவு ஃபைலாக இருக்கலாம், காற்புள்ளியால் பிரித்த வெறும் சிஎஸ்வி எழுத்து ஃபைலாக இருக்கலாம். கேட்பவர் எந்த வடிவத்தில் கேட்கிறாரோ அந்த வடிவத்தில், கேட்ட இடத்துக்கும் கேட்ட நாட்களுக்கும் மட்டும் வெட்டிக் கொடுக்கும். ஹைதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் இதை வைத்திருக்கிறது, உலகம் முழுக்கப் பல கடல்சார் நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. நாங்கள் அந்த அளவெல்லாம் இல்லை. மன்னார் வளைகுடா ஓரத்தில் ஒரு சின்ன ஆய்வுக்கூடம், ஒரு பழைய டெஸ்க்டாப், படகுத்துறையில் தண்ணீருக்குள் தொங்கும் வெப்பநிலையை அளந்து தானே குறித்துவைக்கும் இரண்டு லாகர்கள், அவ்வளவுதான். அதோடு ஒப்பிட்டுப் பார்க்க நோவாவின் ஓஐஎஸ்எஸ்டி என்ற தினசரிக் கடல்மேற்பரப்பு வெப்பநிலைத் தரவில் சில வருடங்களை இறக்கி வைத்திருந்தேன்.

நிறுவும்போது வந்த தொல்லைகளில் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் ஒன்றரை நாள் போனது. எர்டாப்புக்கு லாக் (நடந்ததைப் பதியும் குறிப்பு), கேஷ் (தற்காலிகச் சேமிப்பு) எல்லாம் எழுதிவைக்க ஒரு பெரிய ஃபோல்டர் தனியாகக் கொடுக்க வேண்டும். கொடுத்தேன், உரிமையாளரை டாம்கேட் என்று மாற்றினேன், எழுத முடியவில்லை என்றது. அனுமதியை 777, அதாவது யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று ஆக்கினேன் (அடிக்க வராதீர்கள், கோபத்தில் செய்தது), அப்போதும் முடியவில்லை. லாகில் பார்த்தால் "இது படிக்க மட்டுமேயான ஃபைல் சிஸ்டம்" என்று வருகிறது. டிஸ்க் செத்துப்போய்விட்டதோ என்று பயந்துபோய் அதையும் சோதித்தேன், நன்றாக இருந்தது. கடைசியில் காரணம் என்னவென்றால், டாம்கேட்டை நான் டெபியன் லினக்ஸின் மென்பொருள் களஞ்சியத்திலிருந்து ஆப்ட் கட்டளையில் போட்டிருந்தேன். டாம்கேட்டை எப்படிக் கிளப்புவது என்று சொல்லும், அந்தப் பொட்டலத்தின் சிஸ்டம்டி சர்வீஸ் ஃபைலிலேயே, தனக்கென்று குறித்த சில ஃபோல்டர்களைத் தவிர மற்ற எல்லாவற்றையும் டாம்கேட்டுக்குப் படிக்க மட்டும் என்று பூட்டி வைத்திருக்கிறார்கள். பாதுகாப்புக்காகத்தான், தப்பு சொல்ல முடியாது. சர்வீஸ் அமைப்பில் நம் ஃபோல்டரையும் எழுதலாம் என்று ஒரு வரி சேர்த்தால் முடிந்தது. 777ஐ யாரும் பார்ப்பதற்குள் பழையபடி மாற்றிவிட்டேன்.

சரி, முகப்புப் பக்கம் வந்துவிட்டது. சர்வர் இருக்கும் அதே மெஷினில் உட்கார்ந்து கிளிக் செய்து பார்க்கிறேன், எல்லா லிங்க்கும் வேலை செய்கிறது. சனிக்கிழமை வீட்டிலிருந்து மொபைல் டேட்டாவில் திறந்தேன். முகப்பு வருகிறது, அதிலுள்ள எந்த லிங்க்கைத் தொட்டாலும் ஒன்றும் வரவில்லை. அமைப்பு ஃபைலில் தள முகவரியை மாற்றாமல் லோக்கல்ஹோஸ்ட் என்றே விட்டிருக்கிறேன். சர்வர் மெஷினில் லோக்கல்ஹோஸ்ட் என்றால் அது தானேதான், அதனால் அங்கே எல்லாம் சரி. என் போனில் லோக்கல்ஹோஸ்ட் என்றால் என் போன். அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன், எதைச் சோதித்தாலும் வைஃபையை அணைத்துவிட்டு போனிலிருந்து ஒருமுறை.

அடுத்தது சதுர அடைப்புக்குறி. எர்டாப்பில் கட்டத் தரவை (ஓஐஎஸ்எஸ்டி மாதிரி, கடலைக் கட்டங்களாகப் பிரித்துக் கட்டத்துக்கு ஓர் எண் வைத்திருப்பது) கேட்கும் முகவரியில் சதுர அடைப்புக்குறிகள் வரும், ஒவ்வொரு பரிமாணத்துக்கும் ஒரு ஜோடி. அதன் வலைப்பக்கத்திலுள்ள படிவத்தை நிரப்பி பட்டனை அழுத்தினால், அது முகவரியிலுள்ள குறிகளை எல்லாம் சதவீதக் குறியீடாக மாற்றி அனுப்பிவிடுகிறது, தரவு அழகாக வருகிறது. கூட வேலை பார்க்கும் ஒரு ஆராய்ச்சி மாணவி தன் பைத்தான் ஸ்கிரிப்டிலிருந்து நேரடியாக அதே முகவரியைக் கேட்டாள், 400 பிழை. "அண்ணா, உங்க சர்வர் வேலை செய்யல." எனக்கு வேலை செய்கிறதே என்றேன். இருவருமே சரி. டாம்கேட் சில வருடங்களாக முகவரியில் வரும் குறிகளைக் கறாராகப் பார்க்கிறது, அடைப்புக்குறி அப்படியே வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும், கோரிக்கை எர்டாப்பைப் போய்ச் சேரவே சேராது. அதனால்தான் எர்டாப் லாகில் தேடித் தேடி எதுவும் கிடைக்கவில்லை. டாம்கேட்டின் சர்வர் எக்ஸ்எம்எல் ஃபைலில் கனெக்டர் வரியில் இந்தக் குறிகளுக்கு விலக்கு கொடுக்க வேண்டும். எர்டாப்பின் நிறுவல் குறிப்பில் இது தெளிவாகவே எழுதியிருக்கிறது, நான்தான் தாண்டிப் போயிருக்கிறேன். இதைக் கர்ல் என்ற கட்டளைவரிக் கருவி வைத்துச் சோதிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கர்லும் சதுர அடைப்புக்குறியைப் பார்த்தால் தனக்கு ஏதோ வரிசை கொடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளும், மைனஸ் ஜி என்ற விருப்பத்தைப் போடாவிட்டால் அது தரும் பிழை வேறு, டாம்கேட் தரும் பிழை வேறு. நான் இரண்டையும் ஒன்று என்று நினைத்து அரை மணி நேரம் சுற்றினேன்.

இதுவரை சொன்னதெல்லாம் பிழை என்று தானே கத்துபவை. கத்தாமல் தப்பான எண்ணைக் கொடுப்பவைதான் என்னைப் படுத்தின.

எங்கள் லாகர் கடையில் வாங்கியதில்லை, நாங்களே கட்டியது. உள்ளே இருப்பது டிஎஸ்18பி20 என்ற மலிவான வெப்பநிலை சென்சார், எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்த எல்லோருக்கும் பழக்கமானது. பத்து நிமிடத்துக்கு ஒரு அளவு, ஒரு நாளைக்கு 144 வரி, சிஎஸ்வியில் எழுதிவிடும். எர்டாப்போடு வரும் ஒரு ஸ்கிரிப்ட் நம் ஃபைலைப் படித்துப் பார்த்து, வரிசையாகச் சில கேள்விகள் கேட்டு, தரவுத்தொகுப்புக்கான எக்ஸ்எம்எல் விவரத்தைத் தோராயமாக எழுதிக் கொடுக்கும். தோராயமாக என்பதை அடிக்கோடிட்டுப் படிக்கவும். அதை அப்படியே ஒட்டினேன், தரவுத்தொகுப்பு ஏறியது, பிழை எதுவும் இல்லை. வரைபடம் போட்டுப் பார்த்தால் ஒரே நேர்கோடு. நம் கடலில் பகலுக்கும் இரவுக்கும் ஓரிரு டிகிரி வித்தியாசமாவது தெரிய வேண்டும், கோடு அசையவே இல்லை. அப்புறம்தான் இடப்பக்க அளவுகோலைக் கவனித்தேன், கீழே மைனஸ் 127, மேலே 85. நடுவில் எங்கள் கடல் ஒரு நூல் மாதிரி.

85ம் மைனஸ் 127ம் எங்கிருந்து வந்தன? இந்த சென்சாருக்கு மின்சாரம் வந்தவுடன், அளந்து முடிப்பதற்கு முன் படித்தால், 85 டிகிரி என்றுதான் சொல்லும்; ஆலையிலேயே அப்படி வைத்து அனுப்புகிறார்கள். மைனஸ் 127 என்பது அதைப் படிக்கும் லைப்ரரி, கம்பி தொடர்பு இல்லை என்பதைச் சொல்லும் விதம். எக்செல்லில் பார்த்தவரை இவை எங்கோ ஆயிரக்கணக்கான வரிகளுக்கு நடுவே நாலைந்து வரி, கண்ணில் படவேயில்லை. எர்டாப்பில் ஒரு நெடுவரிசைக்கு 'இல்லாத மதிப்பு' என்று ஒன்றும், 'நிரப்பு மதிப்பு' என்று ஒன்றும் கொடுக்கலாம், இரண்டையும் அது வெற்றிடமாகவே எடுத்துக்கொள்ளும். ஒன்றுக்கு மைனஸ் 127, இன்னொன்றுக்கு 85 என்று கொடுத்தேன். நிரப்பு மதிப்பைப் படைத்தவர்கள் இதற்காகப் படைக்கவில்லை என்று தெரியும், ஆனால் எங்கள் கடல் 85 டிகிரிக்குப் போகும் நாளில் நான் இந்தச் சர்வரைப் பற்றிக் கவலைப்பட மாட்டேன். கோடு உயிர்பெற்று மேலும் கீழும் போக ஆரம்பித்தது.

அந்த வரைபடத்தைப் பெரிதாக பிரிண்ட் எடுத்து, எல்லோரும் பார்க்கட்டும் என்று வராந்தாவில் ஒட்டினேன். எர்டாப் நேரத்தை எப்போதும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில்தான் காட்டும், ஆகவே ஐந்தரை மணி நேரம் கூட்டி நம் நேரத்தில் அச்சு போட்டிருந்தேன். எங்கள் படகைப் பார்த்துக்கொள்ளும் அண்ணாச்சி ஒருத்தர், லாகரைக் கழற்றி பாசியைச் சுரண்டி மாட்டுவதும் அவர்தான், கையில் டீ கிளாஸோடு அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றார்.

"தம்பி, இந்த மேடு எத்தன மணி?"

"ஏழரை அண்ணாச்சி."

"காலைலயா?"

"இல்ல, சாயங்காலம்."

"சாயங்காலம் ஏழரைக்கா தண்ணி சூடா கெடக்கும்? ரெண்டு ரெண்டரைக்கில்லா சூடா இருக்கும். நான் எறங்குதேன்லா."

அவர் போய்விட்டார், நான் அங்கேயே நின்றேன். லாகரின் கடிகாரம் இந்திய நேரத்தில் ஓடுகிறது. சிஎஸ்வியில் வெறும் தேதியும் மணியும்தான், எந்த ஊர் நேரம் என்று எதுவும் இல்லை. எர்டாப் அதை யுடிசி என்றே எடுத்துக்கொண்டது. அதாவது பிற்பகல் இரண்டு மணி அளவு, யுடிசி 14 மணி ஆகி, அதற்கு மேல் நான் வேறு ஐந்தரை கூட்டி, ராத்திரி ஏழரையில் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். இரண்டு வாரமாக இந்தத் தரவைத்தான் சரியாக இருக்கிறது, சரியாக இருக்கிறது என்று சோதித்துக்கொண்டிருந்தேன். எண்கள் எல்லாம் சரி, வரிகள் எண்ணிக்கை சரி, முதல் வரி கடைசி வரி சரி. சிஎஸ்வியையும் சர்வரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நேரம்கூட அச்சு அசலாக ஒன்றேதான்! அது ஒன்றாக இருந்ததுதான் தப்பு.

திருத்துவது எளிது. எழுத்தாக இருக்கும் நேர நெடுவரிசைக்கு நேர மண்டலம் என்று ஒரு பண்பு கொடுக்கலாம், ஆசியா/கொல்கத்தா என்று போட்டால் அதுவே யுடிசிக்கு மாற்றிக்கொள்ளும். ஆனால் அதோடு நிற்கக் கூடாது. எர்டாப் ஒவ்வொரு ஃபைலிலும் இருக்கும் குறைந்தபட்ச, அதிகபட்ச மதிப்புகளைக் குறித்து வைத்துக்கொண்டு, ஒரு கேள்வி வந்தால் எந்த ஃபைலைத் திறப்பது என்று அதைப் பார்த்தே முடிவு செய்கிறது. நேரத்தின் பொருளையே மாற்றிவிட்டால் அந்தப் பழைய குறிப்பு பொய்யாகிவிடும். சாதாரணமாகத் தரவுத்தொகுப்பை மறுபடி ஏற்ற, ஃப்ளாக் என்ற ஃபோல்டரில் அதன் பெயரில் ஒரு காலி ஃபைல் போட்டால் போதும். இந்த மாதிரி மாற்றங்களுக்கு ஹார்ட்ஃப்ளாக் என்ற இன்னொரு ஃபோல்டரில் போட வேண்டும், அப்போதுதான் பழைய குறிப்பை அழித்துவிட்டு முதலிலிருந்து எல்லா ஃபைலையும் படிக்கும். நான் முதலில் வெறும் ஃப்ளாக்கைப் போட்டு, ஒரு ஃபைல் முடிந்து அடுத்தது தொடங்கும் மாதக் கடைசியில் மட்டும் சில மணி நேரத் தரவு காணாமல் போவதைப் பார்த்துக் குழம்பி, அப்புறம்தான் இது உறைத்தது.

ஓஐஎஸ்எஸ்டியைச் சோதித்த விதம் வேறு. அது கால் டிகிரிக் கட்டம், கிழமேற்கில் 1440, தென்வடலாக 720, 1981 செப்டம்பரிலிருந்து ஒவ்வொரு நாளுக்கும் ஒரு ஃபைல். மூல ஃபைலில் வெப்பநிலை முழு எண்ணாகச் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும், 0.01ஆல் பெருக்க வேண்டும். எங்கள் ஊருக்கு எதிரே கடலில் ஒரு கட்டத்தை எடுத்தேன்: வடக்கு 8.625, கிழக்கு 78.375. கட்டம் தெற்கே மைனஸ் 89.875இல் தொடங்குகிறது, கிழக்கே 0.125இல் தொடங்குகிறது, ஆகவே பூஜ்யத்திலிருந்து எண்ணினால் இது 394ஆவது, 313ஆவது கட்டம். ஒரு நாள் ஃபைலை நேரடியாகத் திறந்து அந்த இடத்தில் என்ன முழு எண் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு, அதை நூறால் வகுத்து, பிறகு அதே நாளை சர்வரிடம் கேட்டேன். கடைசி தசமத்தில் ஒரு சின்ன இழுபறி தவிர அதே எண் வந்தது. இப்படி ஒரே ஒரு எண்ணை ஃபைலிலிருந்து பயனர் கைவரை பின்தொடர்ந்து பார்ப்பதில் எனக்கு இருக்கும் நம்பிக்கை, பச்சை டிக் காட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை.

ஆனாலும் அதிலும் ஏமாந்தேன். இந்தத் தரவில் தீர்க்கரேகை 0 முதல் 360 வரை போகிறது. நம் கடல்கள் எல்லாம் 60க்கும் 100க்கும் நடுவில், மைனஸ் 180 முதல் 180 என்று எண்ணினாலும் 0 முதல் 360 என்று எண்ணினாலும் அவை ஒரே எண்தான். அதனால் நான் செய்த எல்லாச் சோதனையும் தேறிவிட்டது. அந்த மாணவி அட்லாண்டிக்கோடு ஒப்பிட மைனஸ் 30 என்று கேட்டதும், அப்படி ஒரு இடமே இல்லை என்றது சர்வர். எர்டாப்பிலேயே, ஏற்கெனவே இருக்கும் தொகுப்பை மைனஸ் 180 முதல் 180 வரை மாற்றிக் காட்டும் இன்னொரு தொகுப்பாக வைக்க வழி இருக்கிறது, அதைப் போட்டுக் கொடுத்தேன். போட்டதும் கிரீன்விச் கோட்டின் இருபுறமும் ஒரு துண்டு கேட்டுப் பார்த்தேன், ஒட்டிய தையல் அங்கேதான் தெரியும்.

மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது தெரியவந்த இன்னொன்று: சதுர அடைப்புக்குள் வளைவு அடைப்பும் போட்டு 8 என்று எழுதினால் எட்டாவது அட்சரேகை, வளைவு அடைப்பில்லாமல் 8 என்று எழுதினால் கட்டத்தில் 8ஆவது வரிசை. 8ஆவது வரிசை மைனஸ் 87.875, தென்துருவத்துக்குப் பக்கத்தில். பிழை எதுவும் வராது, கேட்டதற்கு மரியாதையாக வெற்றிடத்தைக் கொடுக்கும். "இந்த நாளுக்கு டேட்டா இல்ல அண்ணா" என்று யாராவது சொன்னால், நான் முதலில் அவர்கள் அண்டார்டிகாவில் நிற்கிறார்களா என்றுதான் பார்ப்பேன்.

பிறகு சுமைச் சோதனை. அதில் பெரிய கதை இல்லை. டாம்கேட்டுக்கு முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கிக் கொடுக்கும் என்ஜின்எக்ஸ் என்ற சர்வர், பின்னால் இருப்பவரிடமிருந்து 60 விநாடிக்கு ஒரு பைட்டும் வராவிட்டால் நேரம் கடந்துவிட்டது என்று 504 பிழை கொடுத்துவிடும், அதை நீட்டினேன். ஜாவாவுக்குக் கொடுத்த நினைவகத்தைக் கூட்டினேன். நான்கு பேரை ஒரே நேரத்தில் பெரிய பகுதிகளை இறக்கச் சொல்லிவிட்டு, நிலைப் பக்கத்தில் நினைவகம் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், தாங்கியது.

நான் செய்யாமல் விட்ட சோதனையை மின்வாரியம் செய்தது. ஒருநாள் மதியம் கரண்ட் போனது, யுபிஎஸ் பாதியிலேயே கைவிட்டது, திரும்ப வந்ததும் மெஷின் தானாக எழுந்தது, டாம்கேட்டும் எழுந்தது, முகப்புப் பக்கமும் வந்தது. தரவுத்தொகுப்பு ஒன்றுகூட இல்லை. தரவு இருக்கும் தனி டிஸ்க் மவுன்ட் ஆவதற்கு (அதன் ஃபோல்டரில் இணைக்கப்படுவதற்கு) முன்னாலேயே டாம்கேட் ஓடிவந்து, காலி ஃபோல்டரைப் பார்த்துவிட்டு, ஃபைலே இல்லை என்று முடிவு கட்டியிருக்கிறது. டாம்கேட் சர்வீஸில், இந்த மவுன்ட் வந்த பிறகுதான் கிளம்ப வேண்டும் என்று ஒரு வரி. அதன்பிறகு வேண்டுமென்றே மூன்று முறை பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தேன், தலைவர் இல்லாத நேரமாகப் பார்த்து.

அப்புறம் பாதி ஃபைல் பிரச்சினை. லாகரிலிருந்து வரும் ஃபைலை எஸ்சிபி என்ற நகலெடுக்கும் கட்டளையில் நேரடியாகத் தரவு ஃபோல்டருக்கே அனுப்பிக்கொண்டிருந்தோம். பாதி வந்திருக்கும்போது எர்டாப் அதை எட்டிப் பார்த்தால் கெட்ட ஃபைல் என்று குறித்து வைத்துக்கொள்ளும், அது மாறும்வரை திரும்பப் பார்க்காது. இப்போது பக்கத்தில் வேறொரு ஃபோல்டரில் முழுசாக இறக்கி, அதற்குப் பிறகு ஒரு நகர்த்தல் கட்டளை. ஒரே டிஸ்க்குக்குள் என்பதால் கண நேரத்தில் நடந்துவிடும், பாதி என்ற நிலையே கிடையாது.

இப்போது தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு சின்ன ஸ்கிரிப்ட் ஓடுகிறது. கடந்த ஒரு நாள் தரவைக் கேட்கும் (நேரம் இப்போது மைனஸ் ஒரு நாள் என்று எர்டாப்பிலேயே கேட்கலாம்), 144க்கு எத்தனை வரி குறைகிறது என்று எண்ணும், அந்தத் துண்டுக் காகிதத்தில் எழுதிய ஓஐஎஸ்எஸ்டி எண்ணை மறுபடி கேட்டு ஒப்பிடும், உச்ச வெப்பநிலை எத்தனை மணிக்கு வந்தது என்று பார்க்கும். மதியம் ஒன்றுக்கும் நாலுக்கும் நடுவே இல்லாவிட்டால் எனக்கு மெயில் வரும். ஸ்கிரிப்டில் அந்தக் கடைசிச் சோதனைக்கு 'அண்ணாச்சி' என்றே பெயர் வைத்திருக்கிறேன். மழை நாட்களில் அது சும்மா சும்மா அலறுகிறது, மேகம் மூடியிருந்தால் உச்சம் எப்போது வேண்டுமானாலும் வரலாம். இருந்தாலும் அணைக்க மனம் வரவில்லை.

புது வரைபடத்தை வராந்தாவில் ஒட்டினேன். மேடு இரண்டு மணியில். அண்ணாச்சி வந்து பார்த்தார், தலையாட்டினார், பிறகு இன்னொரு இடத்தில் விரலை வைத்தார். "இது என்ன தம்பி, முப்பத்தஞ்சு காட்டுது?" போன மாதம் பதினோராம் தேதி காலை, நாற்பது நிமிடத்துக்கு ஒரு கூர்முனை. லாக் புத்தகத்தைப் புரட்டினேன். லாகரை வெளியே எடுத்து, பாசியைச் சுரண்டி, வெயிலில் படகுத்துறைச் சுவர்மேல் வைத்துவிட்டு அவர் டீ குடிக்கப் போன நேரம்.